ஏற்றுமதித் தரமும் இளிச்சவாயன் தரமும்

எட்டயபுரத்துக் கரிசலில் முளைக்கும் நிலாவரை இலைக்குக் கிடைக்கிற மரியாதை, அதை விதைத்த சம்சாரிக்கு எந்த ஆபீசிலும் கிடைத்ததில்லை. ஈரத்தோடு குவித்தால் இலை கறுத்துப்போகும் என்று நிழலில் மெல்லிசாகப் பரப்பிக் காயவைக்கிறார்கள். பெண்கள் உட்கார்ந்து சுளகில் புடைத்துக் குச்சி, கல், மண், வேற்று இலை எல்லாவற்றையும் பொறுக்குகிறார்கள். முதல் ரகம், இரண்டாம் ரகம், மூன்றாம் ரகம் என்று பிரிக்கிறார்கள். அதற்குப் பிறகு ஆய்வுக்கூடம். ஈயம் உண்டா, காட்மியம் உண்டா, பூச்சிமருந்து மிச்சம் உண்டா, பூஞ்சை நஞ்சு உண்டா, பேதியாக்கும் சென்னோசைடு போதுமான அளவு உண்டா என்று பார்த்து, கையெழுத்தும் முத்திரையும் விழுந்த பிறகுதான் தூத்துக்குடியில் கப்பல் ஏறுகிறது. துபாய்க்கு வேலைக்குப் போகிற நம் ஊர்ப் பையனுக்குக்கூட இத்தனை சோதனை கிடையாது.

ஏன் இந்தப் பதைப்பு? போகிற இடம் அப்படி. ஜெர்மனிக்காரர் வயிறு, ஜப்பான்காரர் குடல். ஐரோப்பிய மருந்துநூல் கறாராகச் சொல்கிறது: நூறு கிலோ நிலாவரை இலையில் அதே செடியின் குச்சி, காய் போன்ற பிற பாகங்கள் 3 கிலோவைத் தாண்டக்கூடாது, மண், கல், வேற்றுச் செடி 1 கிலோவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் சரக்கு திரும்பி வரும். சரக்கு திரும்பி வந்தால் வியாபாரிக்கு நெஞ்சு வலிக்கும். ஆகவே வெளிநாட்டுக்காரரின் மலச்சிக்கல் நம் மண்ணில் ஒரு புனிதக் கடமையாக மதிக்கப்படுகிறது.

இத்தனைக்கும் இது அரபு நாட்டுச் செடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹியூஸ் என்ற வெள்ளைக்கார வியாபாரி திருநெல்வேலிச் சீமையில் பயிராக்கியது. உலக மருந்துநூல்களில் இன்றைக்கும் அதன் பெயர் ‘டின்னவெல்லி சென்னா’. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டதை அந்த நூல்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, ஊர்ப் பெயருக்கு உலகத்தில் மதிப்பு இருக்கிறது. ஊருக்குள் இருக்கிறவன் வயிற்றுக்குத்தான் மதிப்பு இல்லை.

அதே கரிசலில், அதே வண்டித்தடத்து ஓரத்தில், யாரும் விதைக்காமல் யாரும் தண்ணீர் ஊற்றாமல் பூத்து நிற்கிறது ஆவாரை. அது கப்பல் ஏறுவது அரிது. நம் டம்ளரில்தான் இறங்கும். சர்க்கரைக்கு ஆவாரம்பூ டீ, தோலுக்கு ஆவாரம்பூப் பொடி, சூட்டுக்கு ஆவாரம்பூக் கூட்டு. நாம் நம் கையால் நம் வாயில் போட்டுக்கொள்ளும் சரக்கு இது. இதன் தரம் எப்படி?

தென்னிந்தியச் சந்தைகளில் விற்ற பேதி மூலிகைகளை வாங்கி, மரபணுவை வைத்துச் செடியின் அடையாளத்தைச் சோதித்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. கொன்றை என்று விற்றது எல்லாம் கொன்றைதான். நிலாவரையில் கலப்படம் 8 சதவீதம். தகரையில் 37 சதவீதம். ஆவாரை என்று விற்ற சரக்கில் 50 சதவீதம்.

சரியாகப் பாதி. பூவா தலையா போட்டுப் பார்த்து ஆவாரை வாங்கலாம். பூ விழுந்தால் ஆவாரம்பூ. தலை விழுந்தால் உங்கள் தலையெழுத்து.

கப்பல் ஏறுகிற இலைக்கு நம் சந்தையிலும் 8, நம் கடையில் நிற்கிற ஆவாரையில் 50. இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். விளைகிற மண் ஒன்று, பறிக்கிற கை ஒன்று. ஒன்றை வாங்குகிறவன் கேள்வி கேட்கிறான். மற்றதை வாங்குகிறவன் கும்பிட்டு வாங்கிக்கொள்கிறான். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதில் ஒரு பழைய கதையும் உண்டு. மருந்தாக்கியல் படிக்கிற மாணவர்களின் பாடப்புத்தகத்தில் நிலாவரைக்குக் கலப்படப் பொருள் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஆவாரை இலையும் ஒன்று. கண்டுபிடிக்கும் வழியும் அங்கேயே இருக்கிறது: 80 சதவீதக் கந்தக அமிலத்தை விட்டால் ஆவாரை இலை செக்கச்செவேல் என்று சிவந்து தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். ஆக, அன்றைக்கு ஏற்றுமதிச் சரக்கில் ஆவாரையைக் கலந்தார்கள். வெள்ளைக்காரன் அமிலம் ஊற்றிக் கண்டுபிடித்தான். இன்றைக்கு ஆவாரையிலேயே வேறெதையோ கலக்கிறார்கள். நாம் வெந்நீர் ஊற்றிக் குடிக்கிறோம்.

இந்த இடத்தில் மூலிகை வியாபாரத்தின் நலம்விரும்பி ஒருவர் கையைத் தூக்குவார். “அந்த ஆய்வுக் குழுவில் இருந்த கனடாக்காரர் ஒருவர் பெயரில் வந்த வேறொரு கட்டுரையை 2021இல் ஓர் இதழ் திரும்பப் பெற்றதே, தெரியாதா?” தெரியும் ஐயா. நன்றாகத் தெரியும். ஆய்வுக் கட்டுரையில் சந்தேகம் வந்தால் உலகம் கேள்வி கேட்டது, இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அளக்கிறவனின் படியையும் அளந்து பார்க்க விஞ்ஞானத்தில் ஒரு வழி இருக்கிறது. உங்கள் ஆவாரம்பூப் பொட்டலத்தை இதுவரை யார் திரும்பப் பெற்றார்கள்? அந்தப் பட்டியலைச் சொல்லுங்கள், நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்கிறேன்.

சரி, அரசாங்கம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். அரசாங்கம் தூங்கவில்லை. 2004இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற ஆயுர்வேத மருந்துகள் எழுபதை வாங்கிச் சோதித்தார்கள். பதினான்கில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. செய்தி வந்ததும் டெல்லி துள்ளி எழுந்தது. 2006 ஜனவரி 1 முதல், மூலிகை மருந்துகளில் கன உலோகச் சோதனை கட்டாயம் என்று ஆணை வந்தது. கை தட்டாதீர்கள், ஆணையை முழுக்கப் படியுங்கள். ஏற்றுமதி செய்யும் மருந்துகளுக்குத்தான் கட்டாயம். பாஸ்டனில் இருக்கிற சிறுநீரகம் பத்திரமாக இருக்க வேண்டும். எட்டயபுரத்துச் சிறுநீரகம் சுதேசிச் சிறுநீரகம். அது ஈயத்தையும் தாங்கும், ஆணையையும் தாங்கும்.

நாட்டு மருந்துக் கடை வாசலுக்கு வாருங்கள். எந்த ஊரில் எந்தக் கடையிலும் நடக்கக்கூடிய பேச்சு இது.

“அண்ணாச்சி, சக்கரைக்கு ஆவாரம்பூப் பொடி இருக்கா?”

“இருக்கு தாயி. அசல் சரக்கு.”

“அசல்னு எப்படித் தெரியும்?”

“மேல மஞ்சப்பூ படம் போட்ருக்குல்லா?”

“எந்த ஊர்ல பறிச்சது அண்ணாச்சி?”

“அது கம்பெனிச் சரக்கு.”

“கம்பெனிக்கு எங்கேருந்து வருது?”

“மண்டியிலேருந்து வரும்.”

“மண்டிக்கு?”

“தாயி, நீங்க மருந்து வாங்க வந்தியளா, சம்பந்தம் பேச வந்தியளா?”

அண்ணாச்சி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியவேண்டிய அவசியத்தை யாரும் வைக்கவில்லை. காட்டில் பறிக்கிற பெண்ணுக்குச் செடி தெரியும். ஆனால் அவளுக்குக் கூலி கிலோக் கணக்கில். சரியான செடியைத் தேடிப் பொறுக்கினாலும், பக்கத்தில் நிற்கிறதைச் சேர்த்து உருவினாலும், கிலோவுக்கு அதே காசு. அப்படியிருக்க அவள் ஏன் கூடுதலாக ரெண்டு மைல் நடக்க வேண்டும்? மண்டிக்காரருக்கு எடை தெரியும். அரவை மில்காரருக்குச் சல்லடை தெரியும். பாக்கெட் போடுகிறவருக்கு டிசைன் தெரியும். விளம்பரத்தில் வருகிற தாடிக்காரருக்குக் கேமரா தெரியும். செடி தெரிந்த ஒரே ஆள், சங்கிலியின் கடைசிக் கண்ணியில், வெயிலில் நிற்கிறாள்.

முழு இலையாக இருக்கும்வரை செடி சாட்சி சொல்லும். நரம்பு சொல்லும், விளிம்பு சொல்லும், அடிப்பக்கம் கோணலாக இருக்கிறதா நேராக இருக்கிறதா என்பது சொல்லும். அரைத்துப் பொடியாக்கிவிட்டால் சாட்சி கலைக்கப்பட்டது என்று அர்த்தம். அதனால்தான் இன்றைக்கு எல்லாம் பொடி. முருங்கைப் பொடி, வேப்பம்பொடி, ஆவாரம்பொடி. பச்சையாக இருந்தால் இலை, மஞ்சளாக இருந்தால் பூ, பழுப்பாக இருந்தால் வேர். வண்ணம் மூன்று, வியாதி முந்நூறு.

சட்டத்துக்கு வருவோம். 1940இல் வந்த மருந்து, அழகுப்பொருள் சட்டத்தில் நாட்டு மருந்துகளுக்கென்றே 1964இல் ஒரு தனி அத்தியாயம் சேர்த்தார்கள். சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்து தயாரிக்க உரிமம் வேண்டும். கலப்படம் செய்தால் ஓராண்டு வரை சிறை. பயமாக இருக்கிறதா? அவசரப்படாதீர்கள். தயாரிக்கத்தான் உரிமம். விற்க உரிமம் எதுவும் வேண்டாம். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் வடை சுடுகிற ஆத்தா உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். ஈரல், சிறுநீரகம், கணையம் மூன்றையும் ஒரே பொட்டலத்தில் குணமாக்குகிறவர் எங்கேயும் பதிய வேண்டாம். ஆத்தாவின் வடையால் என்ன ஆகும்? நாலு ஏப்பம் வரும். அதற்குத்தான் இத்தனை விழிப்பு.

வியாபாரிகள் இந்தச் சட்டத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். மருந்துத் துறை வந்தால் இது உணவு. உணவுத் துறை வந்தால் இது மருந்து. இரண்டு துறையும் சேர்ந்து வந்தால் இது பூஜைப் பொருள். வாடிக்கையாளர் வந்தால் மட்டும் இது அமிர்தம்.

பெயர்க் குழப்பம் இன்னொரு வசதி. எங்கள் பக்கத்தில் நிலாவரையை ‘அவுரி’ என்று சொல்கிறவர்கள் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் அவுரி என்றால் நீலி, தலைமுடிக்குச் சாயம் ஏற்றுவது. பேதிக்கு வாங்கப் போனவர் முடி கறுத்து வரலாம். முடிக்கு வாங்கப் போனவருக்கு என்ன ஆகும் என்பதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சிரித்தாயிற்றா? பெல்ஜியத்தில் சிரிக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் அங்கே உடல் மெலியக் கொடுத்த சீன மூலிகை மாத்திரையில், பெயர் ஒலி ஒத்த வேறொரு செடி நுழைந்துவிட்டது. ஆடுதின்னாப்பாளையின் இனத்துச் செடி அது. நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. பலருக்குப் பின்னாளில் புற்றுநோயும் வந்தது. “மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது” என்று நம் ஊரில் டீக்கடைதோறும் சொல்கிறார்களே, அந்த வாக்கியத்தை அங்கே பலர் டயாலிசிஸ் படுக்கையில் படுத்துக்கொண்டு பரிசோதித்தார்கள்.

கீழாநெல்லி கதை நம் சொந்தக் கதை. 1988இல் சென்னை விஞ்ஞானி எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் லான்செட் இதழில் எழுதினார்கள். மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ் பியைச் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றார்கள். உலகம் நிமிர்ந்து பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தவர்களுக்கு அப்படி வரவில்லை. ஏன் என்ற விவாதத்தில் எழுந்த கேள்விகளில் ஒன்று: எல்லாரும் கொடுத்தது அதே செடிதானா? 2010இல் தென்னிந்தியக் கடைகள் இருபத்தைந்தில் கீழாநெல்லி வாங்கிச் சோதித்தபோது, 76 சதவீதம்தான் முதன்மையாக அசல் கீழாநெல்லி. மீதி 24 சதவீதத்தில் அதன் பங்காளிச் செடிகள் ஐந்து. உலகத்துக்கு ஒரு மருந்தைத் தரும் வாய்ப்பு நம் மண்ணில் முளைத்தது. எது கீழாநெல்லி என்று நமக்குள்ளேயே முடிவாகவில்லை. பங்காளிச் சண்டையில் சொத்துப் போவது நமக்குப் புதிதா என்ன?

கொரோனா ஆண்டை நினைத்துப் பாருங்கள். கபசுரக் குடிநீர் தெருவெல்லாம் ஓடியது. அண்டா வைத்து ஊற்றினார்கள், பேனர் வைத்து ஊற்றினார்கள், தலைவர் படம் வைத்து ஊற்றினார்கள். அதில் பதினைந்து சரக்கு. அவற்றில் ஒன்று கோஷ்டம். கோஷ்டம் இமயமலைச் செடியின் வேர். அழியும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது அது. இமயமலையில் கொஞ்சம் பயிரும் செய்கிறார்கள். தமிழ்நாட்டின் ஒவ்வொரு தெருமுனைக்கும், ஒவ்வொரு வட்டச் செயலாளரின் அண்டாவுக்கும், ஒரே மாதத்தில் வந்து சேருமளவுக்கு இமயமலையில் கோஷ்டம் இருந்ததா? இருந்தது என்று நம்புகிறவர்கள் கையைத் தூக்கலாம். அந்தக் கையிலேயே இன்னொரு டம்ளர் கொடுக்கிறேன்.

அதே காலத்தில் சீந்தில் விவகாரம். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பை மருத்துவர்கள் ஆறு நோயாளிகளைப் பார்த்தார்கள். ஆறு பேருக்கும் ஈரல் பாதிப்பு, ஆறு பேரும் சீந்தில் குடித்தவர்கள். 2021இல் அதைக் கட்டுரையாக எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் பொங்கியது. அதன் மறுப்பில் ஒரு வாதம்: நோயாளிகள் குடித்தது அசல் சீந்தில்தானா என்று ஆய்வாளர்கள் உறுதி செய்யவில்லை, அதைப் போலவே தோன்றும் வேறு செடிகள் இருக்கின்றன, அவை ஈரலைப் பாதிக்கக்கூடும்.

கேட்டீர்களா நீதியை! வாதம் அறிவியல்படி சரிதான். ஆனால் அதைச் சொல்கிறவர் யார்? சீந்தில் என்ற பெயரில் ஈரலைக் கெடுக்கிற வேறு செடி மக்கள் கைக்குப் போகக்கூடும் என்று அமைச்சகமே சொல்கிறது. போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது யார் வேலை? அதற்காகத்தானே ஐயா உங்களுக்கு ஓர் அமைச்சகம், ஓர் இலச்சினை, ஒரு யோகா தினம்? வீட்டில் திருடு போனது என்று புகார் கொடுத்தால், “அது உங்கள் பொருள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்கிற ஏட்டையாவுக்கும் இந்தப் பதிலுக்கும் என்ன வித்தியாசம்?

இவ்வளவையும் எடுத்துச் சொன்னால் ஒரு கூட்டம் வாள் தூக்கிக்கொண்டு வரும். “நீ சித்தர்களை அவமதிக்கிறாய். நீ அலோபதிக் கம்பெனியின் கைக்கூலி. ஐயாயிரம் வருடப் பாரம்பரியத்துக்குச் சோதனைக்கூடம் எதற்கு?” இவர்கள் சித்த மருத்துவ நூல் ஒன்றை முன்னட்டை தாண்டிப் புரட்டியிருந்தால் தெரியும். எந்தச் சரக்கை எப்படிச் சுத்தி செய்வது, எந்தப் பருவத்தில் எடுப்பது, எந்தப் பாகத்தை எடுப்பது, எத்தனை நாளில் அதன் வீரியம் போகும் என்றெல்லாம் பக்கம் பக்கமாகக் கண்டிப்பு. அந்தக் கண்டிப்புக்கு இன்றைய பெயர்தான் தரக்கட்டுப்பாடு. சோதனை கேட்கிறவன் பாரம்பரியத்தின் எதிரி என்றால், சுத்தி சொன்ன சித்தர்தான் முதல் எதிரி. ஒரு பரம்பரை வைத்தியர் தன் கையால் பறித்து, தன் கையால் இடித்து, தன் ஊர்க்காரனுக்குக் கொடுத்தார். தவறு நடந்தால் மறுநாள் அவர் வீட்டுத் திண்ணையில் பஞ்சாயத்து. அந்தத் திண்ணையை இடித்துவிட்டு, படத்தை மட்டும் பாக்கெட்டில் அச்சடித்து விற்கிறார்கள்.

எட்டப்பன் என்ற ஒரு பெயருக்காக இருநூறு வருடமாகத் தலைகுனிந்து நிற்கிற ஊர் எங்களுடையது. கட்டபொம்மன் கதையில் யார் யாரை எப்படிக் காட்டிக்கொடுத்தார்கள் என்பதை வரலாற்றுக்காரர்கள் இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வசை மட்டும் நிரந்தரப் பட்டா. கிலோவுக்குப் பத்து ரூபாய் மிச்சத்துக்காக ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பொய்ச் செடியிடம் காட்டிக்கொடுக்கிறவனுக்கு என்ன பெயர் வைத்தோம்? ‘இளம் தொழில்முனைவோர்’ என்று வைத்தோம். பொன்னாடையும் போட்டோம்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகிற ஆள் நான் இல்லை. அரசுக்கு ஒரு செலவில்லாத திட்டம் வைத்திருக்கிறேன். எட்டயபுரத்தில் சனிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. இந்த ஆடுகளுக்குச் செடி தெரியும். ஆடாதோடையை ஆடு தொடாது. ஆடுதின்னாப்பாளையை ஆடு தின்னாது. நிலாவரைக் காட்டுக்குள் விட்டாலும் மேயாது என்பதால்தான் சம்சாரி வேலி போடாமல் விதைக்கிறார். எத்தனை சுற்றறிக்கை போட்டாலும் நம் துறைகளுக்கு வராத அறிவு இது. ஆகவே கீழ்க்கண்ட அரசாணையை உடனே வெளியிடக் கோருகிறேன்.

ஒன்று. ‘மூலிகைத் தரக்கட்டுப்பாட்டு அலுவலர் (நான்கு கால்)’ என்ற பதவி உருவாக்கப்படுகிறது. மண்ணின் இனமான கன்னி ஆடுகளுக்கு முன்னுரிமை. பால்கன்னி, செங்கன்னி இரண்டும் விண்ணப்பிக்கலாம்.

இரண்டு. ஆடாதோடை, நிலாவரை என்று எழுதிய மூட்டைகளை அலுவலர் முன் பிரித்து வைக்க வேண்டும். அலுவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் சரக்கு அசல். ஆசையாகத் தின்றால் போலி. அறிக்கை கிடைக்க ஆறு மாதம் ஆகாது, அரை நிமிடம் போதும்.

மூன்று. ஊதியம் ஒரு கை கருவேலங்காய். அகவிலைப்படி ஒரு பிடி அகத்திக்கீரை. ஜீப் வேண்டாம், டீசல் பில் வேண்டாம்.

நான்கு. அலுவலர் கையூட்டு வாங்கக்கூடும். வாங்கினால் எல்லார் கண் முன்னாலும் அசைபோட்டுவிடும். மச்சினன் பெயரில் மனை வாங்காது.

ஐந்து. நேர்மையான அலுவலர்களைத் தூக்கியடிக்கும் மரபு தொடர வேண்டும் என்று மேலிடம் விரும்பினால் அதற்கும் தடையில்லை. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை சந்தையில் அது தானாக நடந்துவிடும்.

ஆறு. அலுவலர் வெளியிடும் புழுக்கையைச் சான்றிதழாகக் கொள்ளலாம். இப்போது புழங்கும் பல சான்றிதழ்களைவிட அது மேல். வயலுக்காவது ஆகும்.

இந்தத் திட்டத்தில் ஒரு குறை உண்டு. பொடியைக் கண்டால் ஆட்டுக்கும் குழப்பம் வரும். பொடியாக்கினால் ஆட்டையே ஏமாற்றலாம் என்றால் மனிதன் எந்த மூலைக்கு?

இனி சிரிப்பை நிறுத்திக்கொள்வோம். இந்தியாவில் வணிகத்தில் இருக்கும் மூலிகை இனங்கள் 1,178 என்று 2017இல் தேசிய மருத்துவத் தாவர வாரியத்துக்காகச் செய்த கணக்கெடுப்பு சொன்னது. 2014-15இல் கச்சா மூலிகையின் மொத்தத் தேவை, ஏற்றுமதியும் சேர்த்து, 5,12,000 டன் என்று மதிப்பிட்டது. இத்தனை லட்சம் டன்னில் பெரும்பகுதியை நம் வயிற்றில் கொட்டிக்கொண்டிருக்கிறோம். தரம் எழுதி வைக்கவில்லையா? எழுதி வைத்திருக்கிறது. சித்த மருந்துநூலின் முதல் தொகுதியை அரசாங்கமே 2008இல் அச்சிட்டது. எந்தச் சரக்கில் சாம்பல் எத்தனை சதவீதம், வேற்றுப் பொருள் எத்தனை சதவீதம், நுண்ணோக்கியில் எப்படித் தெரியும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செடி தெரிந்த பிள்ளைகள் வருடாவருடம் படித்து வெளியே வருகிறார்கள். தூத்துக்குடியில் கப்பல் ஏற்றும் மூட்டையைச் சோதிக்க வழி தெரிந்திருக்கிறது. நூல் இருக்கிறது, ஆள் இருக்கிறது, கருவி இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது. நம் உயிருக்கு அந்தச் செலவு தகும் என்ற எண்ணம்தான் இல்லை.

செய்ய வேண்டியதில் ஒன்றுகூட ராக்கெட் விடுகிற வேலை கிடையாது. மூலிகை விற்க உரிமம் வையுங்கள். பாக்கெட்டில் பூ படத்தைச் சின்னதாக்கி, செடியின் தாவரவியல் பெயரையும் பறித்த ஊரையும் மாதத்தையும் தொகுதி எண்ணையும் பெரிதாக்குங்கள். பொடியாக்குவதற்கு முன் முழுச் சரக்கில் ஒரு பிடியை மில்காரர் எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று விதி போடுங்கள். வழக்கு வந்தால் அந்தப் பிடி பேசும். கடையில் எடுத்த மாதிரிகளின் முடிவை, கம்பெனி பெயரோடு, மாவட்டந்தோறும் தமிழில் வெளியிடுங்கள். சோதனைக்கு என்று சரக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் பயணம் போய்ச் சென்னை அரும்பாக்கத்தில் வரிசையில் நிற்க வேண்டாம், தெற்கே ஒரு கூடம் திறவுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காட்டில் சரியான செடியை இனம் பார்த்துப் பறிக்கிற அந்தப் பெண்ணுக்குக் கிலோவுக்குக் கூடுதல் கூலி கொடுங்கள். இந்த நாட்டில் அவளைவிட மலிவான, நம்பகமான தாவரவியல் வல்லுநர் வேறு யாரும் இல்லை.

இதைச் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் நாம். நாமோ பாரதிக்கு மணிமண்டபம் கட்டினோம்; கட்டும்போது அவன் கோபத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டோம். கத்தரிக்காய் வாங்கும்போது சொத்தை பார்க்கிறோம். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். ஈரலுக்குள் போகிற பொடியை மட்டும் மஞ்சப்பூ படத்தைப் பார்த்து வாங்குகிறோம். ஜெர்மனிக்காரர் கேட்டார், அவருக்கு நூற்றுக்கு ஒன்று என்று அளந்து அனுப்பினார்கள். நாம் கேட்கவில்லை, நமக்குப் பாதிக்குப் பாதி. இதில் வியாபாரியின் நியாயம் ஒன்று இருக்கிறது. கேட்டவனுக்குக் கேட்ட சரக்கு.

ஆகவே அடுத்த முறை கடைக்குப் போனால் கேளுங்கள். இது என்ன செடி, எங்கே பறித்தது, யார் சோதித்தது? அண்ணாச்சி முறைப்பார். பின்னால் நிற்கிறவர் உச்சுக்கொட்டுவார். “மருந்து வாங்க வந்தியளா, சம்பந்தம் பேச வந்தியளா?” என்று கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: சம்பந்தம்தான் பேச வந்திருக்கிறேன், என் ஈரலுக்கும் உங்கள் பொடிக்கும். ஜாதகம் காட்டாத மாப்பிள்ளைக்கு இங்கே பெண் கிடையாது.